பஸ் ஸ்டாண்டுப் பின்தெருவின் படிக்கற்கள்

எங்கள் தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு. வரி ரசீதைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. ஊருக்கு அது பஸ் ஸ்டாண்டுப் பின்தெரு. பஸ் ஸ்டாண்டை பைபாஸ் ரோட்டுக்கு மாற்றிப் பல வருஷமாகிவிட்டது. பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. சேலம், திருச்செங்கோடு என்று நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருந்த கண்டக்டர்கள் போன மறுமாதமே எங்கள் வியாபாரமும் அவர்கள் பின்னால் பஸ் ஏறிவிட்டது. நான் அந்தத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன். அப்பா தொடங்கிய கடை. கல்யாணச் சீருக்குக் குடமும் அண்டாவும் எடுக்க வருகிறவர்கள் முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் வருவார்கள். இப்போது வழி கேட்டு வருகிறவர்கள்தான் வருகிறார்கள்.

ஒரு தெரு கெட்டுப்போகப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. நாலு கடை மூடினால் போதும். மூடிய ஷட்டருக்கு முன்னால் நிழல் இருக்கிறது. நிழல் இருந்தால் ஆள் வந்து உட்காருகிறான். மெயின் ரோட்டில் மதுக்கடை இருந்தால் உட்கார்ந்தவன் படுத்தும் விடுகிறான். தெருக்கோடியில் நகராட்சிக் கழிப்பிடம் ஒன்று இருந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பஸ் ஸ்டாண்டை மாற்றியபோது அதற்கு வந்த தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாததால் கழிப்பிடத்தைப் பூட்டினார்கள். பூட்டிய கழிப்பிடத்தின் வெளிச்சுவரை ஆண்கள் கழிப்பிடமாக்கிக்கொண்டார்கள். குடித்துவிட்டுக் கிடந்தவர்களை மட்டும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் அத்தனை பேரும்தான். நானும்தான். தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவைத் திட்டுவேன். தினமும் இரண்டு தடவை அந்தச் சுவருக்கும் போய்வருவேன்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். கோபமே வராத மனுஷர். அவர் கடை வாசலில் ஒருவன் வாந்தி எடுத்து வைத்த அன்று அவருக்கே வந்துவிட்டது. மிச்சமிருந்த கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டார். முதல் கூட்டத்தில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. யார் கடைக் குப்பை யார் வாசலுக்கு வருகிறது என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தோம். ஆனாலும் அடுத்த வாரமும் கூடினோம். வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். முறை போட்டுத் தெருவைக் கூட்டினோம். கம்பத்துக்குக் கம்பம் பல்பு மாட்டினோம். மூடிக் கிடந்த கடைகளின் சொந்தக்காரர்களைத் தேடிப்போய், வாடகையைக் குறைத்து யாருக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினோம். இரண்டு ஷட்டர் மறுபடி திறந்தது.

வாசலில் படுத்துக் கிடப்பவர்களை நாலு சாத்துச் சாத்தி விரட்டலாம் என்பது என் யோசனை. மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவியளும் ஒரு ஊட்டுல பொறந்தவிங்கதானுங்களே. மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுத்து எழுப்புவோமுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரவில்லை. குடித்துவிட்டுக் கிடக்கிறவனுக்குக்கூட எங்கள் கையால் தண்ணீர் கொடுத்தோம் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். ஏனென்றால் அதே சமயத்தில் என் கடைக்கு எதிரே ஒரு ஜீவன் தண்ணீர் இல்லாமல் வற்றிக்கொண்டிருந்தது, அது என் கண்ணில் படவே இல்லை.

எதிர்க்கடை தையல்கடை. ஜாக்கெட் தைக்கிற பெண், நாற்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் தவறிவிட்டார், மகள் காலேஜில் படிக்கிறாள். பத்து மைல் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வந்தால் இரவு எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் போவார். அவரிடம் இன்னும் இரண்டு பெண்கள் மிஷின் மிதித்தார்கள். காலை பதினோரு மணிக்கு எனக்கு டீ வரும்போது எதிர்க்கடைக்கும் ஒரு குரல் கொடுப்பேன்.

"அம்மிணி, டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்ணா. இப்பத்தான் குடிச்சேன்."

பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். எங்கே குடித்தார், எப்போது குடித்தார் என்று நான் யோசித்ததில்லை. நம் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்தால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அவ்வளவு சுலபத்தில் போகாது. போகப்போக வீம்புக்காகவே கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் அவர் மிஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். கூட இருந்த பெண்கள் போட்ட சத்தத்தில் தெருவே ஓடியது. என் மனைவி அந்நேரம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவள்தான் ஆட்டோவில் ஏற்றி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் இப்படி இருந்தால் தப்பு என்னுடையது என்று பொருள். என்ன தப்பு என்று எனக்குத்தான் தெரியாது.

"வெய்யலுக்கு மயக்கம் வந்திருக்கும்" என்றேன்.

"தண்ணியே குடிக்கறதில்லையாமா" என்றாள். "காத்தால ஊட்டுல அரை டம்ளர் காப்பி. அப்பறம் ராத்திரி ஊட்டுக்குப் போயித்தான். நடுவுல குடிச்சா, போறதுக்கு ஒரு எடம் வேணுமல்ல? கூட இருக்கற புள்ளைங்களும் அப்படித்தானாமா. அடக்கி அடக்கிக் கிருமி சேந்து கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னு டாக்டரு சத்தம் போடறாரு. இனித் தண்ணி குடிக்காம இருந்தீனா உன்னைய நான் காப்பாத்த முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லீட்டாரு."

நான் அந்த டீக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. அவள் கேட்டுவிட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தையல்கடைப் பெண்ணைக் கூப்பிட்டோம். அதற்குமுன் அத்தனை கூட்டங்களுக்கும் தெருவில் கடை வைத்திருந்த பெண்கள் யாரையும் கூப்பிட வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் மெலிந்துபோயிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார்.

"பல்பு போட்டீங்க, கூட்டி உட்டீங்க, எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "எனக்கு ஆடி வரைக்குந்தானுங்க. அதுவரைக்கும் வாங்குன துணியத் தெச்சுக் குடுத்துட்டு கடையக் காலி பண்ணிக்கறேன்."

"ஊட்டுலயே மிஷினப் போட்டுத் தெக்கலாமே அம்மிணி" என்றேன்.

"எங்கூருக்கு ஒரு ஜாக்கெட்டத் தூக்கீட்டு யாருங்ணா பஸ் ஏறி வாராங்க? மில்லுக்குத்தான் போகோணும். அங்க கக்கூஸ் இருக்குதாமா."

பதினோரு வருஷம் நடத்திய கடையை விட்டுவிட்டு அவர் மில்லுக்குப் போவதற்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. கூட்டத்தில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நகராட்சிக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். குழாய் மறுபடி வர வேண்டுமென்றால் அடுத்த திட்டத்தில் சேர்க்க வேண்டும், வருஷங்கள் ஆகும் என்றார். கழிப்பிடத்தை நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தால் சாவியைத் தருகிறேன் என்றார். "தண்ணி லாரி அனுப்பலாம். ஆனா உங்க தெருவுக்குள்ள லாரி வராதே" என்றும் சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்று வெளியே வந்து நான்தான் முதலில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்து, என் கடைக் குடங்களிலேயே மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக் கழிப்பிடத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தோம். மூன்று நாள் வீரமாக ஊற்றினோம். நாலாம் நாள் எல்லாருக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது.

அப்புறம் நாங்கள் செய்தது எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் கேட்பார்கள். நாங்கள் ரிக் வண்டியைக் கூப்பிடுவோம். பூமியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்கிற அந்த லாரிகள் இங்கே வீட்டுக்கு வீடு, இல்லாவிட்டால் மாமன் மச்சான் வீட்டில் நிற்கின்றன. எங்களுக்கு அதன்மேல் இருக்கிற நம்பிக்கை சாமிமேல் இருக்கிறதா என்பது சந்தேகம்தான். "போர் போட்டுட்டா முடிஞ்சுதுங்க" என்று மருந்துக்கடைக்காரர் சொன்ன நிமிஷமே எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அனுமதிக்காக அலைந்து திரிந்து வாங்கினோம்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக்காரர் மருந்துக்கடைக்காரருக்கு உறவு. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் பஸ் ஸ்டாண்டில்தான் பஸ் மாறுவாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, டீசலை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள், வண்டியைச் சும்மா கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். இடம் பார்க்க வந்தவர் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"எ வண்டி ஆப்பிரிக்காக் காட்டுக்குள்ள போயி போர் போட்டிருக்குதுங்க சாமி. உங்க தெருவுக்குள்ள போகாது."

பத்திரப்படி எங்கள் தெரு இருபது அடி. ஆனால் ஒவ்வொரு கடைக்காரனும் வாசலில் ஒரு படி, படிக்கு முன்னால் ஒரு திண்டு, அதற்கு மேலே ஒரு தகரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்திருந்தோம். நடுவில் ஏழடி மிச்சம் இருந்தது. ரிக்காரர் சுண்ணாம்புப் பொடி வாங்கிவரச் சொல்லி, தெருவின் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். கோட்டுக்கு உள்ளே வந்ததெல்லாம் போக வேண்டும் என்றார். அதிகமாகக் கோட்டுக்குள் வந்திருந்தது என் கடைப் படி. என் அப்பா சங்ககிரிப் பக்கமிருந்து வரவழைத்துப் போட்ட நாலு பலகைக்கல். அதன்மேல்தான் குடங்களை அடுக்கி வைப்போம். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அப்பா கடைசி வரைக்கும் வியாபாரம் பார்த்தார். நாலில் மூன்று கல் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

எல்லாரும் சம்மதித்தோம். கூட்டத்தில் கையைத் தூக்கிச் சம்மதித்தோம். வாட்ஸப்பில் கட்டை விரல் போட்டும் சம்மதித்தோம். ஆனால் ஒருத்தனும் ஒரு செங்கல்லைப் பெயர்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் முதலில் இடிக்கட்டும் என்று அவன் பார்த்தான். பாத்திரக்கடைக்காரன் இடிக்கட்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் படி பட்டாவுக்குள் இருக்கிறது என்று சாதித்தேன். அது பொய். எனக்கே தெரியும். ஒரு நாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் டேப்பைப் பிடித்து, கோட்டை எதிர்ப்பக்கம் இரண்டடி தள்ளினால் என் கல் தப்புமா என்று அளந்துகூடப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் தையல்கடை. அங்கே படியே இல்லை. காலையில் ஒரு மரப்பலகையைப் போட்டு ஏறுவார். இரவில் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போவார். பதினோரு வருஷத்தில் தெருவில் ஒரு அங்குலத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவருக்காகப் பரிதாபப்பட்டேனா என்றால் இல்லை. கோட்டைத் தள்ள வழியில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன்.

ஆனி பாதி ஆயிற்று. தையல்கடையில் புதிதாகத் தைக்கத் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். எப்போதும் கூட வரும் தண்ணீர்ப் பாட்டில் அன்றைக்கு இல்லை.

"தண்ணி எங்க?"

"இல்லீங்க" என்றாள். "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்குத் தண்ணி குடிக்காம, அந்தச் சொவத்துப் பக்கமும் போகாம, ராத்திரி வரைக்கும் கடையில உக்காருங்க பாக்கலாம். அப்படி உக்காந்துட்டீங்கன்னா அந்தக் கல்லு இருக்கட்டும். நானே வந்து எல்லாருகிட்டயும் சொல்றேன்."

இதென்ன பெரிய காரியம் என்று நானும் சரி என்றேன். புளிக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு நாக்கு ஒட்டியது. மூன்று மணிக்கு ஒரு வாடிக்கையாளரிடம் அண்டா விலையைச் சொல்லப் போய் எரிந்து விழுந்தேன். மூன்றரைக்கு டீக்கடைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். அதோடாவது நின்றேனா? அரை மணி நேரத்தில் என் கால் பழக்கத்தில் தானாக அந்தச் சுவருக்குப் போனது. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தையல்கடை ஜன்னல் அந்தச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை போட்டிருந்தது. காற்றுக்கு அலையும் அந்தச் சேலையைத் தினமும்தான் பார்த்திருக்கிறேன். ஏன் அந்தத் திரை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தபடி கடைக்கு வந்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கே கடப்பாரையோடு வந்துவிட்டேன். ஆளைக் கூப்பிட்டால் கூலி கொடுத்துச் செய்யலாம். எனக்கு என்னவோ நானே செய்ய வேண்டும் போலிருந்தது. முதல் கல் வரவே மாட்டேன் என்றது. மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். கல்லைத் தூக்கினால் அடியில் ஏதாவது இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒன்றுமில்லை. மணலும் இரண்டு சோடா மூடியும் கிடந்தன. மூன்றாவது கல்லைப் புரட்டும்போது அழுதுவிட்டேன். அப்பா ஞாபகம். மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பது மணிக்குக் கடை திறக்க வந்தவர்கள் என் வாசலைப் பார்த்துவிட்டுச் சுத்தியல் தேடப் போனார்கள். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செங்கல் தூள். தகரங்கள் மடக்கப்பட்டன. தையல்கடைப் பெண் தன் மரப்பலகைமேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிக் வந்தது. அதற்கு முதல்நாள் நீரோட்டம் பார்ப்பவர் வந்து உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார். ரிக் லாரி தெருவுக்குள் நுழைந்தபோது ஆளாளுக்கு டிரைவருக்குப் பாடம் நடத்தினோம். "வரட்டும் வரட்டும்", "ரைட்ல சித்த ஒடிங்க", "நிக்கட்டும்". என் கடைக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் லாரி தாண்டியது. பெயர்த்த கல்லில் ஒன்று இருந்திருந்தாலும் தாண்டியிருக்காது.

பூஜை போட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். காது அடைக்கிற சத்தம். வெள்ளைப் புழுதி மேலே கிளம்பி எல்லார் தலையிலும் இறங்கியது. எங்களில் எல்லாரும் ரிக் நிபுணர்கள். இருநூறு அடியில் ஈரம் காட்டும் என்றான் ஒருவன். இல்லை, நானூறில் பாறை விட்டுக் கொடுக்கும் என்றான் இன்னொருவன். இருநூறு தாண்டியது. நானூறு தாண்டியது. குழாய்க்குமேல் குழாயாக மாட்டி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ரிக்காரர் வெளியே வரும் புழுதியை அடிக்கடி கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தார். தையல்கடைப் பெண் மிஷின்களைப் போர்வையால் மூடிவிட்டு, முந்தானையால் மூக்கை மூடியபடி வாசலில் நின்றார். அவர் கண் புழுதி வரும் வாயை விட்டு நகரவில்லை. மத்தியானம் தாண்டி ஆயிரம் அடி ஆயிற்று. கடைசி வரைக்கும் காய்ந்த புழுதிதான்.

சத்தம் நின்றதும் தெரு திடீரென்று பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது. ரிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"இதுக்கு மேல எங்கிட்ட ராடு இல்லீங்க. மன்னிச்சிருங்க சாமி" என்றார்.

குழியின் வாயை இரும்பு மூடி போட்டு இறுக்கி, சிமெண்ட் பூசிவிட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தையல்கடைப் பெண் என்னிடம் வந்தார்.

"எனக்காக நீங்கெல்லாம் இத்தனை பாடுபட்டதே பெருசுங்ணா. ஆடி முப்பதுக்குக் கடைச் சாவியக் குடுத்தர்றேன்" என்றார். முகத்தில் வெள்ளைப் புழுதி. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு ஈரமாக இருந்தது.

அந்த வாரம் தெருவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கல்லும் போயிற்று, தண்ணீரும் வரவில்லை. மிச்சமிருந்த ஒரே படியில் உட்கார்ந்து நான் எல்லாரையும் திட்டினேன். தேங்காய்க்காரரைத் திட்டினேன். பூமியைத் திட்டினேன். புதன்கிழமையோ வியாழக்கிழமையோ எனக்குச் சேலத்திலிருந்து சரக்கு வந்தது. எப்போதும் பார்சல் லாரி தெருமுனையில் நின்றுவிடும். ஆள் வைத்துச் சாக்குச் சாக்காகத் தலையில் சுமந்து வருவோம். அன்றைக்கு ஹாரன் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நிமிர்ந்தால் லாரி என் வாசலில் நிற்கிறது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ரோடு அகலம் பண்ணீட்டாப்பல இருக்குதுங்க. நேரா உள்ள வந்துட்டேன்" என்றார்.

நான் சரக்கை இறக்கவில்லை. அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்க தெருவுக்குள்ள லாரி வராதே என்று அந்த அதிகாரி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் சாக்குச் சொல்லவில்லை, இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். ரிக் உள்ளே வருவதற்காகத் தெருவையே இடித்த நாங்கள், ரிக் வந்த வழியில் தண்ணீர் லாரியும் வரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஆயிரம் அடிக்குக் கீழே தேடத் தெரிந்தவர்களுக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்தது தெரியவில்லை. மருந்துக்கடைக்கு ஓடினேன். என் வயதில் ஓடக் கூடாது, ஓடினேன். அவர் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அதிகாரி எங்களை நம்பவில்லை. நேரில் வந்து தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். "யார் இடிச்சது இதையெல்லாம்?" என்றார். "நாங்கதானுங்க" என்றோம். பதினைந்து நாள் கழித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாளில் தெருவே சேர்ந்து கழிப்பிடத்தைத் தேய்த்தது. தாழ்ப்பாள் போட்டோம், பல்பு போட்டோம், வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்தோம். பெண்கள் பக்கத்து வாசல் எப்போதும் சேறாக இருக்கும். என்னுடைய மூன்று பலகைக்கல்லையும் அங்கே கொண்டுபோய்ப் படியாகப் போட்டேன். பெண்கள் பக்கத்துச் சாவியைத் தையல்கடை ஆணியில் மாட்டினோம். மருந்துக்கடைக்காரர் யோசனை அது.

லாரி முதல்முறை வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போன மறுநாள். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. பதினோரு மணிக்கு எனக்கு டீ வந்தது. எதிர்க்கடையைப் பார்த்தேன். பதினோரு வருஷம் வீம்புக்குக் கேட்டவனுக்கு அன்றைக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"அம்மிணி, டீ..." என்றேன்.

அவர் மிஷினை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய சாவியை ஒரு தடவை பார்த்தார். மரப்பலகையில் இறங்கித் தெருவைக் கடந்து என் கடை வாசலுக்கு வந்தார்.

"டீ அப்பறம் குடிக்கறனுங்ணா. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க."

அலமாரியிலிருந்து புதுச் சொம்பு ஒன்றை எடுத்தேன். ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. பானையிலிருந்து விளிம்பு வரைக்கும் மொண்டு கொடுத்தேன். அவர் நின்றபடியே அண்ணாந்து குடித்தார். நடுவில் நிறுத்தவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் அவர் தண்ணீர் குடித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். குடித்து முடித்துச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு சொம்பு ஊத்துங்ணா" என்றார்.